புறநோயாளி வருகைக்கு எம்.டி.எம். நிலையைத் தீர்மானிக்கும் முறை

அமெரிக்காவில் மருத்துவர் அலுவலகத்திற்கோ புறநோயாளிப் பிரிவிற்கோ வந்து செல்லும் ஒருவரின் வருகைக்கு 99202 முதல் 99205 வரையிலோ 99212 முதல் 99215 வரையிலோ ஒரு சி.பி.டி. குறியீட்டை (மருத்துவச் சேவையைப் பில் செய்யப் பயன்படும் எண்ணை) தேர்ந்தெடுக்கும் கோடர், அதாவது மருத்துவக் குறிப்பைப் படித்துக் குறியீடு இடுபவர், அன்று மருத்துவர் எடுத்த முடிவு எவ்வளவு சிக்கலானது என்ற ஒரே கேள்விக்குத்தான் விடை தேடுகிறார். 2021 ஜனவரி 1-க்கு முன்பு இந்தக் கேள்வி, நோய் வரலாற்றில் எத்தனை கூறுகள் எழுதப்பட்டன, உடல் பரிசோதனையில் எத்தனை உறுப்பு மண்டலங்கள் பார்க்கப்பட்டன என்ற எண்ணிக்கைக்கு அடியில் புதைந்து கிடந்தது. 1995, 1997 ஆகிய ஆண்டுகளின் ஆவண வழிகாட்டுதல்களிலிருந்து வந்த அந்த எண்ணிக்கை முறை அலுவலக வருகைகளுக்கு அன்றோடு முடிவுக்கு வந்தது. 99201 என்ற குறியீடும் நீக்கப்பட்டது. வரலாறும் பரிசோதனையும் மருத்துவ ரீதியாகத் தேவையான அளவுக்கு இருக்க வேண்டும், ஆனால் அவற்றின் நீளம் நிலையை உயர்த்தாது. நிலையைத் தீர்மானிப்பது மருத்துவ முடிவெடுத்தல் எனப்படும் எம்.டி.எம்., அல்லது வருகை நாளில் மருத்துவர் அந்த நோயாளிக்காகச் செலவிட்ட மொத்த நேரம். 2023 முதல் இதே சட்டகம் உள்நோயாளி, முதியோர் பராமரிப்பு இல்லம், அவசரப் பிரிவு ஆகியவற்றுக்கும் விரிவாக்கப்பட்டது. இந்தக் கட்டுரை புறநோயாளி வருகையோடு நிற்கிறது.

எம்.டி.எம். நிலைகள் நான்கு. ஸ்ட்ரெயிட்பார்வர்டு (மிக எளியது) என்றால் 99202 அல்லது 99212, லோ (குறைவு) என்றால் 99203 அல்லது 99213, மாடரேட் (நடுத்தரம்) என்றால் 99204 அல்லது 99214, ஹை (உயர்வு) என்றால் 99205 அல்லது 99215. ஒவ்வொரு இணையிலும் முதலாவது புதிய நோயாளிக்கும் இரண்டாவது ஏற்கெனவே வந்துகொண்டிருப்பவருக்கும் உரியது. கடந்த 3 ஆண்டுகளுக்குள் அதே மருத்துவரிடமிருந்தோ, அதே குழுவில் அதே சிறப்புத் துறையையும் உட்பிரிவையும் சேர்ந்த இன்னொருவரிடமிருந்தோ நேரடி மருத்துவச் சேவை எதையும் பெறாதவரே புதிய நோயாளி. 99211-க்கு எம்.டி.எம். நிலை கிடையாது, அதை இங்கே விட்டுவிடலாம்.

நிலையை மூன்று கூறுகள் தீர்மானிக்கின்றன: அன்று கையாளப்பட்ட பிரச்சினைகள், ஆராயப்பட்ட தரவு, சிகிச்சை முடிவில் உள்ள அபாயம். மூன்றில் குறைந்தது இரண்டு கூறுகள் ஒரு நிலையை எட்ட வேண்டும் அல்லது கடக்க வேண்டும் என்பது விதி. பலரும் இதை மனப்பாடமாக வைத்திருந்தும் அதன் விளைவைக் கவனிப்பதில்லை. மூன்று கூறுகளுக்கும் கிடைத்த நிலைகளை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பதுதான் எப்போதும் விடையாக வரும். எனவே பிரச்சினையும் அபாயமும் ஒரே நிலையில் இருந்தால் தரவு பூஜ்யமாக இருந்தாலும் மிகுதியாக இருந்தாலும் விடை மாறாது. அவை வேறுபடும்போது மட்டுமே தரவு தீர்ப்புச் சொல்கிறது, அப்போதும் அந்த இரண்டின் எல்லைகளைத் தாண்டி அதனால் மேலேயோ கீழேயோ போக முடியாது. ஆய்வகப் பரிசோதனைகளை எண்ணுவதில் தொடங்கும் கோடர் பெரும்பாலான சார்ட்டுகளில் (மருத்துவரின் வருகைக் குறிப்புகளில்) தேவையில்லாத வேலையைச் செய்கிறார் என்பதும், அந்த எண்ணிக்கையிலேயே அதிகப் பிழைகள் நேர்கின்றன என்பதும் என் கருத்து. ஆகவே முதலில் பிரச்சினை, அடுத்து அபாயம், தேவைப்பட்டால் தரவு என்ற வரிசையையே இங்கே பின்பற்றுகிறேன். நிறுவனத்தின் ஆடிட் (தணிக்கை) படிவம் மூன்று கட்டங்களையும் நிரப்பச் சொன்னால் நிரப்புங்கள். சிந்திக்கும் வரிசையைப் படிவத்திடம் விட்டுவிட வேண்டியதில்லை.

சார்ட்டைத் திறந்தவுடன் அசெஸ்மென்ட், பிளான் பகுதிக்குச் செல்லுங்கள். மருத்துவர் எதைப் பற்றி யோசித்தார், எதைச் செய்யத் தீர்மானித்தார் என்பது அங்கேதான் இருக்கும். அதன்பின் மேலே சென்று நோயாளி சொன்னதைப் படித்தால், அசெஸ்மென்ட்டில் ஒற்றை வரியாக நிற்கும் நோய்ப்பெயருக்குப் பின்னால் உள்ள நிலவரம் புரியும். மென்பொருள் தானாக இழுத்து ஒட்டும் பழைய நோய்ப் பட்டியல் அன்றைய பிரச்சினைகளின் பட்டியல் ஆகாது. பதினொரு நோய்கள் வரிசையாக நிற்கும் குறிப்பில் இரண்டுக்கு மட்டுமே அன்றைய மதிப்பீடு எழுதப்பட்டிருந்தால் கணக்கில் வருபவை இரண்டுதான்.

பிரச்சினைகள்

ஒரு பிரச்சினை கையாளப்பட்டதாகக் கொள்வதற்கு, அன்று அது மதிப்பிடப்பட்டிருக்க வேண்டும் அல்லது அதற்குச் சிகிச்சை தரப்பட்டிருக்க வேண்டும். ‘மூட்டுவலியை எலும்பு மருத்துவர் பார்த்துக்கொள்கிறார்’ என்று எழுதிவிட்டு, கூடுதல் மதிப்பீடோ பராமரிப்பு ஒருங்கிணைப்போ இல்லாமல் நகர்ந்தால் அது சேராது. வரலாறு, பரிசோதனை, சோதனை முடிவு ஆகியவற்றில் ஒன்றின் வழியாகவும் ஆராயாமல், சிகிச்சையைப் பற்றி யோசிக்காமல், வேறொரு நிபுணரிடம் அனுப்பியதும் சேராது. ஆனால் ஒரு சோதனையையோ சிகிச்சையையோ மருத்துவர் தீவிரமாகப் பரிசீலித்து, நன்மை தீமைகளை எடைபோட்டு வேண்டாம் என்று முடிவு செய்திருந்தாலும், நோயாளியே மறுத்திருந்தாலும் அது கையாளப்பட்ட பிரச்சினைதான். செய்யாமல் விட்ட செயலுக்குப் பின்னாலும் ஒரு முடிவு இருக்கிறது என்பதைச் சி.பி.டி. ஏற்றுக்கொள்கிறது, கோடர்கள் அடிக்கடி தவறவிடுவது இதைத்தான்.

நிலைகளைப் பார்ப்போம். தானாகவே சரியாகிவிடும் அல்லது மிகச் சிறிய பிரச்சினை ஒன்று இருந்தால் ஸ்ட்ரெயிட்பார்வர்டு. அத்தகைய இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவை இருந்தாலோ, நிலையாக உள்ள ஒரு நாள்பட்ட நோய் இருந்தாலோ, சிறுநீர்ப்பை அழற்சி, ஒவ்வாமையால் வரும் மூக்கொழுகல், எளிய சுளுக்கு போன்ற சிக்கலற்ற ஒரு குறுகியகால நோயோ காயமோ இருந்தாலோ லோ. மாடரேட்டிற்கு ஐந்து வழிகள் உள்ளன: மோசமடைந்த, முன்னேறிவரும், அல்லது சிகிச்சையின் பக்கவிளைவு தோன்றிய நாள்பட்ட நோய் ஒன்று, நிலையான நாள்பட்ட நோய்கள் இரண்டு, போக்கு என்னவென்று தெரியாத புதிய பிரச்சினை ஒன்று (மார்பகக் கட்டி இதற்குத் தெளிவான உதாரணம்), உடல் முழுவதையும் பாதிக்கும் அறிகுறிகளோடு வரும் குறுகியகால நோய் ஒன்று, சற்று நேரம் நினைவிழந்த தலைக்காயம் போன்ற சிக்கலான காயம் ஒன்று. உயிரையோ ஓர் உடலுறுப்பின் செயல்பாட்டையோ அண்மைக் காலத்தில் அச்சுறுத்தக்கூடிய பிரச்சினையும், கடுமையாக மோசமடைந்த நாள்பட்ட நோயும் ஹை.

இந்தப் பட்டியலில் ‘நிலையான’ என்ற சொல்லில்தான் 99213-க்கும் 99214-க்கும் இடையிலான பெரும்பாலான சர்ச்சைகள் எழுகின்றன. அன்றாடப் பேச்சில் மாறாமல் இருப்பதை நிலையாக உள்ளது என்கிறோம், சி.பி.டி. கேட்பதோ, அந்த நோயாளிக்கு வகுக்கப்பட்ட சிகிச்சை இலக்கு எட்டப்பட்டதா என்பதை. மூன்று வருகைகளாக ரத்த அழுத்தம் ஒரே அளவில் நின்றாலும், அந்த அளவு இலக்குக்கு மேலே இருந்தால், நோயாளிக்கு எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், அது நிலையான நோய் அன்று. கட்டுப்பாடு குறைந்த, அதைக் கட்டுக்குள் கொண்டுவரும் நோக்கோடு கவனிக்கப்படுகிற நாள்பட்ட நோயாக அது மாடரேட்டிற்கு நகர்கிறது. இலக்கு நோயாளிக்கு நோயாளி வேறுபடும் என்பதால் எண்ணை மட்டும் பார்த்துக் கோடர் தானாக முடிவெடுக்கக் கூடாது. இலக்கில் உள்ளதா, இல்லையா என்பதை மருத்துவரின் சொற்களில் காண வேண்டும். நாள்பட்டது என்பதற்கும் வரையறை உண்டு: குறைந்தது ஓராண்டு அல்லது இறப்பு வரை நீடிக்கும் என்று எதிர்பார்க்கப்படுவது.

உடல் முழுவதையும் பாதிக்கும் அறிகுறி என்ற தொடரும் எளிதில் ஏமாற்றும். சாதாரணச் சளியோடு வரும் காய்ச்சலும் உடல்வலியும் இங்கே பொருந்தா. அவற்றைத் தணிக்க மருந்து தந்திருந்தாலும் பிரச்சினை லோ அல்லது அதற்குக் கீழேதான். சிறுநீரகத் தொற்று, பெருங்குடல் அழற்சி போன்றவையே இங்கு உத்தேசிக்கப்பட்டவை.

இன்னொரு விதியையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இறுதியாக எழுதப்பட்ட நோய்ப்பெயர் சிக்கலைத் தீர்மானிப்பதில்லை. ஆபத்தான ஒன்றைச் சந்தேகிக்க வைக்கும் அறிகுறிகளோடு வந்தவருக்கு, விரிவாக ஆராய்ந்தபின் சிறிய காரணமே கிடைத்தாலும், அந்த ஆராய்ச்சியின் சிக்கல் குறைந்துவிடாது. நேர்மாறாக, ஆபத்தான இணைநோய் ஒன்று உடலில் இருப்பதாலேயே நிலை ஏறிவிடாது. அன்று அது கையாளப்பட்டு, தரவையோ அபாயத்தையோ கூட்டியிருந்தால்தான் கணக்கில் வரும்.

அபாயம்

இங்கே அளக்கப்படுவது மருத்துவர் எடுத்த, அல்லது பரிசீலித்த, சிகிச்சை முடிவின் அபாயம். நோயின் அபாயத்தை முதல் கூறிலேயே அளந்துவிட்டோம். இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஒரே செய்தியை இரண்டு முறை எண்ணிவிடுவோம்.

மாடரேட் அபாயத்திற்கு மிக அதிகமாகப் பயன்படுவது பிரிஸ்கிரிப்ஷன் மருந்து மேலாண்மை. மருந்துப் பட்டியல் சார்ட்டில் இருப்பது மட்டும் மேலாண்மை ஆகாது. எந்த நோய்க்கு எந்த மருந்து தொடங்கப்பட்டது, கூட்டப்பட்டது, நிறுத்தப்பட்டது, அல்லது மதிப்பிட்டபின் அதே அளவில் தொடரப்பட்டது என்பது தெரிய வேண்டும். மருந்தைத் தொடர்வதும் முடிவுதான். ஆனால் ஏன் தொடர்கிறோம் என்பதற்கு ஒரு வரியாவது குறிப்பில் இருந்தால்தான் ஆடிட்டில் நிற்கும். நோயாளி அல்லது செயல்முறை சார்ந்த அபாயக் காரணிகள் அடையாளம் காணப்பட்ட சிறு அறுவைச் சிகிச்சைக்கான முடிவும், அத்தகைய காரணிகள் இல்லாத, திட்டமிட்ட பெரிய அறுவைச் சிகிச்சைக்கான முடிவும் மாடரேட்டே. வீடின்மை, உணவுப் பற்றாக்குறை போன்ற சமூகச் சூழல் சிகிச்சையைக் கணிசமாகக் கட்டுப்படுத்தினால் அதுவும் மாடரேட். நோயாளிக்கு வீடில்லை என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. குளிரில் வைக்க வேண்டிய மருந்தைப் பாதுகாக்க இடமில்லாததால் வேறு மருந்துக்கு மாற்றியதாக எழுதியிருந்தால் விதி நிறைவேறுகிறது. சிறியது, பெரியது என்ற பகுப்பு மருத்துவத் துறையினர் அந்தச் சொற்களுக்குத் தரும் பொருளைச் சார்ந்தது. பில்லிங்கில் பயன்படும் 10 நாள், 90 நாள் குளோபல் கால அளவுகளை (பிந்தைய பராமரிப்பும் அறுவைச் சிகிச்சைக் கட்டணத்திலேயே அடங்கும் நாட்களை) வைத்து அதை முடிவு செய்யக் கூடாது.

ஹை அபாயத்தில் மருத்துவமனையில் சேர்க்கும் முடிவு, அவசரப் பெரிய அறுவைச் சிகிச்சை, அபாயக் காரணிகளோடு கூடிய திட்டமிட்ட பெரிய அறுவைச் சிகிச்சை, தேறும் வாய்ப்பு குறைவென்பதால் உயிர்மீட்பு முயற்சி வேண்டாம் எனும் முடிவு ஆகியவை உள்ளன. இவற்றில் பெரிய குழப்பம் இல்லை. நச்சுத்தன்மைக்காகத் தீவிரக் கண்காணிப்பு தேவைப்படும் மருந்துச் சிகிச்சை என்ற வகையில்தான் அப்கோடிங், அதாவது உரியதைவிட உயர்ந்த குறியீட்டை இடுவது, அதிகம் நுழைகிறது. அந்தக் கண்காணிப்பு மருந்தின் தீய விளைவைப் பிடிப்பதற்காக இருக்க வேண்டும், மருந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக அன்று. ஆய்வகச் சோதனை, உடலியல் சோதனை அல்லது இமேஜிங் வழியாக நடக்க வேண்டும், வெறும் விசாரிப்பாலோ உடல் பரிசோதனையாலோ அன்று. நீண்டகாலக் கண்காணிப்பானால் காலாண்டுக்கு ஒரு முறைக்குக் குறையக் கூடாது. புற்றுநோய் மருந்தின் சுற்றுகளுக்கு இடையே ரத்த அணுக்கள் குறைகின்றனவா என்று பார்ப்பது இதில் அடங்கும். இன்சுலின் போடுபவரின் சர்க்கரை அளவைப் பார்ப்பது அடங்காது, ஏனெனில் அது பலனை அளப்பது. நீர்ப்பெருக்கி மருந்து உட்கொள்பவருக்கு ஆண்டுக்கு ஒரு முறை சிறுநீரகச் செயல்பாட்டைச் சோதிப்பதும் அடங்காது, ஏனெனில் இடைவெளி அதிகம்.

இந்த இரண்டு கூறுகளையும் வைத்து ஒரு சார்ட்டைப் பார்க்கலாம். ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும், சர்க்கரை நோயுள்ள 62 வயதுக்காரருக்கு ஏ1சி (சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனை) 8.4, இலக்கு 7-க்குக் கீழே என்று எழுதப்பட்டுள்ளது. மெட்பார்மின் அளவு கூட்டப்பட்டது. இரண்டு ஆய்வகச் சோதனைகள் எழுதித் தரப்பட்டன. கட்டுப்பாட்டில் இல்லாத நாள்பட்ட நோய் மாடரேட், மருந்து மேலாண்மை மாடரேட், விடை 99214. தரவு, லோ நிலைக்குரிய லிமிட்டெட் என்ற அளவில் நிற்கிறது, ஆனால் அதைக் கணக்கிட வேண்டிய அவசியமே எழவில்லை.

தரவு

பிரச்சினையும் அபாயமும் வேறுபடும் சார்ட்டுகளுக்கு இந்தப் பகுதி தேவை. தரவு மூன்று வகையாகப் பிரிகிறது. முதல் வகையில் சோதனைகள், ஆவணங்கள், நோயாளியைத் தவிர வேறொருவர் சொன்ன வரலாறு ஆகியவை. இரண்டாவதில், வேறொருவர் செய்த சோதனையின் படத்தையோ பதிவையோ மருத்துவர் தாமே பார்த்து விளக்கம் எழுதுவது. மூன்றாவதில், வெளி மருத்துவரோடோ பொருத்தமான வேறொருவரோடோ சிகிச்சையைப் பற்றியோ சோதனை முடிவைப் பற்றியோ கலந்து பேசுவது. மூன்று வகைகளில் ஒன்று நிறைவேறினால் மாடரேட், இரண்டு நிறைவேறினால் ஹை நிலைக்குரிய எக்ஸ்டென்சிவ். முதல் வகை நிறைவேற மூன்று உருப்படிகள் வேண்டும். லோ நிலைக்குரிய லிமிட்டெட்டிற்குச் சோதனைகளிலும் ஆவணங்களிலும் இரண்டு போதும், அல்லது வேறொருவர் சொன்ன வரலாறு மட்டுமே போதும்.

எண்ணும்போது சில விதிகளைக் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு சி.பி.டி. குறியீடு ஒரு சோதனை. பல அளவுகளைத் தரும் ஆய்வகப் பேனலுக்கு ஒரே குறியீடு இருந்தால் அது ஒன்றாகவே எண்ணப்படும். சோதனைக்கு எழுதித் தருவதிலேயே அதன் முடிவைப் பார்ப்பதும் அடங்கிவிடுகிறது. ஆகையால் மார்ச் மாதம் எழுதித் தந்த சோதனையின் முடிவை ஏப்ரல் வருகையில் பார்த்ததற்கு மறுபடி புள்ளி கிடையாது. இரண்டு வருகைகளுக்கு இடையே எழுதித் தரப்பட்ட சோதனையாக இருந்தால், முடிவு ஆராயப்படும் வருகையில் எண்ணலாம். ஈ.சி.ஜி. போன்ற சோதனைக்கு விளக்கத்தோடு சேர்த்து அதே மருத்துவரே தனியாகப் பில் செய்தால், அதை இங்கே எண்ணக் கூடாது. முடிவு மட்டும் வரும், விளக்கம் தேவைப்படாத ஆய்வகச் சோதனைகளுக்கு இந்தத் தடை இல்லை. விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமெட்ரி தரவுக் கணக்கில் சோதனையாகவே கருதப்படுவதில்லை.

வெளி ஆவணம் என்றால் வேறு குழுவிலிருந்தோ வேறு சிறப்புத் துறையிலிருந்தோ வந்தது. ஒரே மூலத்திலிருந்து நாற்பது பக்கங்கள் வந்தாலும் அது ஒரு உருப்படிதான். நோயாளிக்காக வரலாறு சொல்பவர் பெற்றோராகவோ வாழ்க்கைத் துணையாகவோ நேரில் கண்டவராகவோ இருக்கலாம். வயதாலோ மறதி நோயாலோ மனநிலையாலோ நோயாளியால் முழுமையாக, நம்பத்தக்க முறையில் சொல்ல முடியவில்லை, அல்லது அவர் சொன்னதை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது என்பது குறிப்பிலிருந்து தெரிய வேண்டும். மகள் உடன் வந்திருந்தார் என்பது போதாது. மொழிபெயர்ப்பவரும் இதில் சேரமாட்டார்.

கலந்துபேசுதல் என்பது இருவழி உரையாடல். குறிப்பை அனுப்பி வைத்ததும், உதவியாளர் வழியாகச் செய்தி சொன்னதும் ஆகாது. உரையாடல் வருகை நாளிலேயே நடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆனால் அந்த வருகையின் முடிவுக்கு அது பயன்பட்டிருக்க வேண்டும், ஒரு முறைதான் எண்ணப்பட வேண்டும். பொருத்தமான வேறொருவர் என்பதில் ஆசிரியர், வழக்கறிஞர், கேஸ் மேனேஜர் போன்றோர் அடங்குவர்; குடும்பத்தினர் அடங்கமாட்டார்.

இரண்டாவது சார்ட்டில் தரவு தீர்ப்புச் சொல்கிறது. நீண்ட விமானப் பயணத்திற்குப் பின் மார்புவலியும் மூச்சுத்திணறலும் ஏற்பட்டு, ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் ஒருவர் வருகிறார். நுரையீரல் ரத்தக்குழாயில் அடைப்போ என்று மருத்துவர் சந்தேகித்து, ரத்தக் கட்டி உருவானதற்கான தடயத்தைத் தேடும் டி-டைமர் சோதனைக்கும், வெளி இமேஜிங் மையத்தில் எடுக்க வேண்டிய மார்பு எக்ஸ்ரேவிற்கும் எழுதித் தருகிறார். வேறொரு மருத்துவமனையின் பழைய டிஸ்சார்ஜ் சுருக்கத்தைப் படிக்கிறார். வெளியிலுள்ள நுரையீரல் நிபுணரோடு தொலைபேசியில் பேசி, மேலும் ஸ்கேன் தேவையா என்று விவாதிக்கிறார். அன்றே வந்த முடிவுகள் சாதகமாக இருந்ததால் தசைவலி என்று எழுதி, பிரிஸ்கிரிப்ஷன் வலிநிவாரணி தந்து அனுப்புகிறார். நோய்ப்பெயரை மட்டும் பார்ப்பவர் 99213 என்று எழுதிவிடுவார். ஆனால் ஆராயப்பட்ட பிரச்சினை உயிரை அச்சுறுத்துவது, எனவே ஹை, அபாயம் மாடரேட். இப்போது தரவை எண்ண வேண்டும். இரண்டு சோதனைகளும் ஒரு வெளி ஆவணமும் சேர்ந்து முதல் வகையை நிறைவேற்றுகின்றன, தொலைபேசி உரையாடல் மூன்றாவது வகையை நிறைவேற்றுகிறது, தரவு எக்ஸ்டென்சிவ், விடை 99215. அந்த உரையாடல் நடக்காமலோ, நடந்தும் குறிப்பில் எழுதப்படாமலோ இருந்தால் தரவு மாடரேட்டிலேயே நின்று, வருகை 99214 ஆகிவிடும்.

நேரமும் தனிச் செயல்முறையும்

குறிப்பில் மொத்த நேரம் எழுதப்பட்டிருந்தால் அதையும் ஒப்பிட்டுப் பார்த்து, எது உயர்ந்த நிலையைத் தருகிறதோ அதை எடுக்கலாம். 2024 முதல் நேர வரம்புகள் எட்ட வேண்டிய குறைந்தபட்ச நிமிடங்களாக எழுதப்படுகின்றன: புதியவர்களுக்கு 15, 30, 45, 60, ஏற்கெனவே வருபவர்களுக்கு 99212-இலிருந்து 10, 20, 30, 40. மருத்துவரோ அவருக்கு நிகரான தகுதி பெற்றவரோ வருகை நாளில் தாமே செலவிட்ட நேரம் மட்டுமே சேரும். செவிலியரின் நேரமும், தனியாகப் பில் செய்யப்படும் சேவைக்கான நேரமும் சேரா. அதே நாளில் ஒரு சிறு செயல்முறை செய்யப்பட்டு, அதைத் தாண்டிய தனியான, குறிப்பிடத்தக்க மதிப்பீடும் நடந்திருந்தால் வருகைக் குறியீட்டோடு, அதைக் காட்டும் கூடுதல் குறியான மாடிஃபையர் 25 சேர்க்கப்படும். அப்போது செயல்முறைக்கு உரிய வேலையை அகற்றிவிட்டு, மிஞ்சியதைக் கொண்டே எம்.டி.எம். கணக்கிட வேண்டும்.

குறிப்பு இரண்டு விதமாகப் படிக்க இடம் தரும்போது கோடர் ஊகிக்கக் கூடாது, மருத்துவரிடம் கேட்க வேண்டும். கேள்வி விடையை ஊட்டுவதாக இருந்தால் அதுவே ஆடிட்டில் குற்றமாகத் திரும்பி வரும். ‘சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லை என்று எழுத முடியுமா?’ என்று கேட்பதற்குப் பதிலாக, ‘இந்த வருகையில் நோயாளியின் சர்க்கரை நோய் சிகிச்சை இலக்கோடு ஒப்பிடுகையில் எந்த நிலையில் இருந்தது என்பதைத் தெளிவுபடுத்தவும்’ என்று எழுதி, மருத்துவர் தரும் விடை தேதியோடும் கையொப்பத்தோடும் சார்ட்டில் திருத்தக் குறிப்பாகச் சேரும்வரை அந்த வருகையின் பில்லை நிறுத்தி வையுங்கள்.